இரட்டைக் கை

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைக்குச் செயற்குழு. ஈஸ்வரமூர்த்தி வீட்டு மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஆளுக்கொரு போண்டாவும் டீயும் கொடுத்து, எங்கள் கல்கிணற்று நீச்சல் சங்கத்துக்குப் புதுப் பொறுப்பாளர்களைப் போட்டார்கள். தலைவர் பழையபடி ஈஸ்வரமூர்த்தியே. ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுசனுக்குத் தலைவர் நாற்காலியைத் தவிர வேறெதிலும் உட்காரத் தெரியாது. பாசி எடுத்து மருந்து போடும் தண்ணீர்ப் பொறுப்புக்குப் போட்டியே வந்தது. கயிறு, ட்யூப் பொறுப்புக்கு ஆள் கிடைத்தாயிற்று. பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் பொறுப்பு, சந்தாப் பொறுப்பு, ஆண்டு விழாப் பொறுப்பு என்று வரிசையாகப் போனது. விழாவுக்கு மட்டும் மாலை போட்டுக்கொள்ளலாம் என்பதால் முண்டியடித்தார்கள். சம்பளம் இல்லாத வேலைக்கு இவ்வளவு ஆசை.

கடைசியாகக் கரைப் பொறுப்பு. அதுவரை வாய் ஓயாத கூட்டம் போண்டாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கரைப் பொறுப்பு என்றால் விடிகாலையில் மற்றவர்கள் நீந்தும்போது தண்ணீரில் இறங்காமல் படிக்கட்டின் மேல் உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பது. பல வருசமாக அதைப் பார்த்தது என் வீட்டுக்காரர் சென்னியப்பன். போன மார்கழியில் நல்லசிவம் மூழ்கிச் செத்தது அவர் காவலில்தான். விசில் அடிக்க மறந்துவிட்டேன் என்று இவரே போலீசிலும் சொன்னார், சங்கத்திலும் சொன்னார். நான் அன்றைக்குத் திருப்பூரில் மகள் வீட்டில் இருந்தேன். அன்றோடு கிணற்றைப் பூட்டியாயிற்று. இப்போது திறக்கலாம் என்கிறார்கள், கரைக்கு ஆள் இருந்தால்.

பின்வரிசையில் ஒருத்தர், இனிமேலாவது கண்ணும் காதும் சரியாக இருக்கிற ஆளாகப் போடுங்கள் என்றார். எனக்கு வந்ததே கோபம். அரசு பஸ் ஓட்டிய காலமெல்லாம் ஒரு கோழிக்குஞ்சைக்கூட ஏற்றாத மனுசனைப் பற்றி இந்தப் பேச்சு. நான் எழுந்து நின்று, கரையை நான் பார்க்கிறேன் என்றேன். ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்களுக்கு வீசிங் இருக்குதே என்று இழுத்தார். ஒரு விசிலுக்கு வேண்டிய மூச்சு என்னிடம் இருக்கிறது என்றேன். உடனே எல்லோரும் கை தட்டினார்கள். தட்டமாட்டார்களா, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனதே.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் கேட்டுக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். நல்லசிவம் போனதிலிருந்து வீட்டில் நான் பேசுவதை நானேதான் கேட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். ஊரே சென்னிமலைக்குப் போகிறது. மலையில் முருகனைப் பார்க்காமல் தைப்பூசத்தன்று பச்சைத் தண்ணீர் குடிக்காத மனுசன், காலையிலேயே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

பானையில் சோறு வடித்தேன். குக்கரை எடுத்து மேலே வைத்துப் பல நாளாயிற்று. விசில் வந்தால் இவர் விசுக்கென்று எழுந்து வாசலில் போய் நிற்கிறார். கேட்பவர்களிடம், பானைச் சோறுதான் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

கிணற்றைத் திறந்து சுத்தம் செய்தார்கள். நானும் போனேன். கிணறு என்றால் வீட்டுக் கிணறு போல வட்டமாக இருக்காது. காலனி வருவதற்கு முன்னால் இங்கே இருந்த வாழைத்தோட்டத்துக்காக வெட்டியது. நாலு பக்கமும் கல் கட்டி, ஒரு பக்கம் படி இறக்கி, இரண்டு பஸ்ஸைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம் போலக் கிடக்கும். தண்ணீர் பச்சை. முழங்கை வரைக்கும் கையை விட்டால் விரல் தெரியாது.

அதனால்தான் சங்கம் தொடங்கியபோதே ஜோடி முறையைக் கொண்டுவந்தார்கள். தனியாக யாரும் இறங்கக்கூடாது. கரையாள் அவ்வப்போது நீளமாக ஒரு விசில் அடிப்பார். தண்ணீரில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு கையைத் தூக்க வேண்டும். நம் ஜோடி உடை மாற்றவோ ஒன்றுக்குப் போகவோ முன்னாலேயே கரையேறியிருந்தால், அவருக்கும் சேர்த்து நாம் இரண்டு கையையும் தூக்க வேண்டும். இதற்கு இரட்டைக் கை என்று பேர். கரையாள் கைகளை எண்ணுவார். இறங்கிய தலைக்கும் எழும்பிய கைக்கும் கணக்குச் சரியாக இருந்தால் மறுபடி நீந்தலாம். வேறு எந்த ஊரிலும் இப்படி இல்லை என்று ஈஸ்வரமூர்த்தி பெருமையடிப்பார்.

மத்தியானம் இவரிடம், கரை வேலையில் நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்குத் திரும்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரெட்டைக் கை தூக்குனா, திரும்பிக் கரையப் பாரு. ஆளக் கண்ணுல பாரு. அப்பறந்தான் மத்த சோலி."

அப்படி ஒரு விதி சங்கத்தில் இல்லையே என்றேன். இல்லைதான் என்றார். மறுபடி சுவர்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்றைக்கு முதல் விசில். பனி மூட்டம். கிணற்றிலிருந்து ஆவி எழும்பியது. வந்தது பாதிப் பேர்கூட இல்லை. ஈஸ்வரமூர்த்தி சாமி கும்பிட்டு, தேங்காய் உடைத்து, தண்ணீரில் கற்பூரம் விட்டு, அப்புறம்தான் இறங்கினார். ஹெட்மாஸ்டரே படிக்குப் படி நின்றார்.

எல்லோரும் நீந்தினார்கள், ஆனால் வடக்கு மூலைக்கு யாரும் போகவில்லை. போகாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. நல்லசிவத்தை அங்கேதான் எடுத்தார்கள். அந்த மூலையில் மட்டும் தண்ணீர் அசையாமல் கிடந்தது, மற்ற இடத்தில் இவ்வளவு பேர் கையைக் காலை அடித்தும். என் கண் திரும்பத் திரும்ப அங்கேயே போனது. விசிலை வாயில் வைத்தேன், மூச்சு வரவில்லை. பயம் என்று சொல்லமாட்டேன். பனிக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. இரண்டாவது தடவை வந்தது.

கைகள் எழும்பின. பனிக்குள் உடம்பு தெரியாமல் கைகள் மட்டும். எண்ணினேன், சரியாக இருந்தது. சரியாக இருந்தும் திரும்ப எண்ணினேன். கை வலிக்குது அக்கா என்று தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்த பிறகுதான் விட்டேன்.

கிணற்றுக்கு எதிர்ச்சாரியில் நல்லசிவத்தின் வீடு. மொட்டை மாடியில் அவன் மனைவி பிரேமா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் இந்தக் கிணற்றில் ஜோடியாக நீந்தியவர்கள். புருசனைக் கொடுத்த பிறகும் விடிகாலையில் எழுந்து துணி துவைக்கிறாளே என்று பாவமாக இருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

பிரேமா வீட்டு மொட்டை மாடியில் கொடியே இல்லை. இன்றைக்குத்தான் கவனித்தேன்.

விசில் அடித்தபோது அங்கே பார்த்தேன். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். கையில் துணி இல்லை. கொஞ்ச நேரத்தில் இறக்கிவிட்டாள். சந்தேகத்துக்கு, அடிக்க வேண்டிய நேரமே இல்லாதபோது இன்னொரு விசில் அடித்தேன். உள்ளே இருந்தவர்கள் என்னங்க இது என்று முனகிக்கொண்டே கை தூக்கினார்கள். அவள் முனகவில்லை. படக்கென்று தூக்கினாள். இரண்டு கையும்.

செய்திருக்கக்கூடாது.

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள் நான். காலம் பூராவும் ஊரார் பேச்சைக் காதில் வாங்கி, யார் எதை மறைக்கிறார்கள் என்று குரலிலேயே கண்டுபிடித்தவள். என் வீட்டுக்குள் இருப்பதை மட்டும் கண்டுபிடிக்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

இவர் பின்கட்டில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பிரேமா மாடியில் நின்று இரட்டைக் கை தூக்குகிறாள் என்றேன். இவர் கையிலிருந்த கடலை சிதறியது. அதைப் பொறுக்கவில்லை.

நானே சொல்லிக்கொண்டு போனேன். நீங்கள் விசில் அடித்திருக்கிறீர்கள். புருசன் வழக்கம்போல முன்னாலேயே ஏறிப் பம்பு ரூமுக்குத் துணி மாற்றப் போயிருப்பான் என்று நினைத்து அவள் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறாள். கணக்குச் சரியாகத்தான் வந்திருக்கும். அவனோ அடியில் கிடந்திருக்கிறான். விசில் அடிக்க மறந்தேன் என்று ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

கடைசியில் பேசினார்.

"அவனத் தூக்கிப் படியில போட்டிருக்குது. அந்தப் புள்ள ஈரத்தோட நின்னுட்டு எம்மூஞ்சியவே பாக்குது. 'அண்ணா, விசில் அடிச்சீங்களா'ன்னு கேட்டுது. என்னன்னு சொல்லுவ, சொல்லு. இல்லைன்னுட்டன்."

எல்லோரும் அதை நம்பிவிட்டார்களா என்றேன். காதில் தண்ணீரும் கண்ணில் பனியுமாக இருந்தவர்களில், தினமும் கேட்கிற விசிலை அன்றைக்குக் கேட்டோமா என்று யாருக்கு நிச்சயம் என்றார். கரையாளே இல்லை என்ற பிறகு இல்லைதான். டாக்டர் நெஞ்சு நின்றிருக்கிறது என்றார். உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பானா என்பது அவருக்கும் தெரியாது.

"நான் திரும்பிப் பாத்திருக்கோணும். கணக்குச் செரியா வந்துதுன்னு இருந்துட்டன். தப்பு எம்மேலயும் இருக்குதல்ல? அப்பறம் எதுக்கு அது தலையில வெக்கறது? அது நாளைக்குக் கண்ணாடியில மூஞ்சி பாக்கோணும் புள்ள."

அடுத்தவன் பெண்டாட்டி கண்ணாடி பார்க்க வேண்டும், உங்கள் பெண்டாட்டி தெருவில் தலை குனிந்து நடக்கலாமா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, ஆனால் கேட்டேன். ஊர் பேசுவது இருக்கட்டும். இத்தனை வருசம் குடித்தனம் பண்ணின எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நானும் அல்லவா இவரை மனசுக்குள் திட்டிக்கொண்டு, பேச்சைக் குறைத்து, சோற்றை நங்கென்று வைத்துக்கொண்டிருந்தேன். அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். அழுகை வந்தது. அழுதேன்.

மகள்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார், பிரேமாவிடம் இதைச் சொல்ல மாட்டேன் என்று. செய்து கொடுத்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஈஸ்வரமூர்த்தி வந்தார். மார்ச் இரண்டாம் தேதி பொதுக்குழுவாம். கிணற்றை வருசம் பூராவும் திறந்து வைக்க அனுமதி கேட்கவேண்டுமாம், அதற்கு விபத்து எதனால் என்று சங்கம் தீர்மானம் போட்டுக் கொடுக்கவேண்டுமாம். வாசித்துக் காட்டினார். 'கரைப் பொறுப்பாளர் திரு. சென்னியப்பன் கடமை தவறியதே காரணம் என்று இப்பொதுக்குழு வருத்தத்துடன் பதிவு செய்கிறது.' வருத்தத்துடன் என்ற சொல்லைத் தானே சேர்த்ததாகச் சொன்னார். இவர் சரிங்க என்றார். தினத்தந்திச் செய்தியைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு சரிங்க என்றார்.

ஹெட்மாஸ்டருக்குக் காப்பி கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டது. முகம் மாறாமல் குடித்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 22, சனி

மகள் போனில் பேசினாள். மாப்பிள்ளை வீட்டில் யாரோ, உங்க அப்பாவாலதானே ஒரு ஆள் போனாரு என்று கேட்டார்களாம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

பிரேமாவைப் பார்க்கப் போனேன். துக்கத்துக்குப் போனதோடு சரி, அப்புறம் போகவே இல்லை. முகத்தில் முழிக்கக் கூச்சம். இன்றைக்கு எள்ளுருண்டை பிடித்தேன், கொஞ்சம் கூடுதலாகிவிட்டது, அதனால் கொடுக்கப் போனேன். வேறொன்றும் இல்லை.

பாதி ஆளாகியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எதையோ கேட்பதற்கு முன்னால் தொண்டையைச் செருமிச் செருமிப் பார்த்தாள். அப்புறம் கேட்டுவிட்டாள்.

"அக்கா, அன்னிக்கு அண்ணன் விசில் அடிச்சாருங்களா?"

நான் டப்பாவையே பார்த்தேன். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். அடிக்கவில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்களாம். ஆனால் தான் கை தூக்கினது தனக்கு ஞாபகம் இருக்கிறதாம். கையிலிருந்து தண்ணீர் வழிந்து அக்குள் வரைக்கும் இறங்கினதுகூட ஞாபகம் இருக்கிறதாம். விசில் அடிக்கவே இல்லையென்றால் எதற்காகத் தூக்கினேன் என்று கேட்டாள். அது அன்றைக்கா, வேறொரு நாளா என்று பிடிபடாமல், தினமும் மாடியில் நின்று தூக்கித் தூக்கிப் பார்க்கிறாளாம். குக்கர் விசிலுக்கும் கை எழும்புகிறதாம். இருட்டினால் படுக்கவே பயமாம்.

"எனக்குப் புத்தி பெசகிப் போச்சுங்களாக்கா?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. மகளை நினைத்து முழுங்கினேன். அவள் கையைப் பிடித்து, "ஞாயித்துக்கெழம பொதுக்குழு இருக்குது அம்மிணி. அண்ணன் வருவாரு. அவரையே கேளு" என்றேன்.

சத்தியத்தை நான் மீறவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, வரச் சொன்னேன், அவ்வளவுதான். அவள் படுகிற பாட்டைப் பார்த்தால் கல்லும் கரையும். அவளுக்காகத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. கோயிலுக்குப் போகவில்லை. துவரம் பருப்பைப் புடைத்தேன், அரிசியைப் புடைத்தேன், புடைத்ததையே திரும்பப் புடைத்தேன். இவர் என்னவென்று கேட்டார். பூச்சி என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

காலனிப் பள்ளிக்கூடத்து ஹாலில் பொதுக்குழு. இவர் வெள்ளை வேட்டி சட்டையில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகவே இருந்தது. நான் போய் ஒன்றில் உட்கார்ந்தேன்.

ஆண்டறிக்கை, கணக்கு எல்லாம் வாசித்து முடித்து, ஈஸ்வரமூர்த்தி தீர்மானத்தை எடுத்தார். அப்போது பிரேமா வந்தாள். துக்க வீட்டுக்காரி வெளியே வருவதே அதிசயம், அதுவும் இங்கே. ஹால் அடங்கிப்போனது. அவள் வாசலருகில் உட்காராமல் நேராக முன்னால் வந்து இவருக்கு எதிரில் நின்றாள். இவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். எத்தனை வருசம் ஆனாலும் அந்தப் பார்வை போகாது.

"அண்ணா, அன்னிக்கு விசில் அடிச்சீங்களா?"

"இல்லீங்க அம்மிணி."

"நான் ரெண்டு கையும் தூக்குனனுங்கண்ணா. அவரு மேல போயிட்டாருன்னு நெனச்சுட்டுத் தூக்குனனுங்க. விசில் இல்லாம நான் எதுக்குங்க தூக்கறன்? ஒண்ணு நீங்க பொய் சொல்லோணும், இல்லீனா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கோணும். எதுன்னு சொல்லிப் போடுங்க. எதா இருந்தாலும் தாங்கிக்கறன்."

இவர் எழுந்தார். கைகூப்புவதா, அவள் தலையைத் தொடுவதா என்று தெரியாமல் கை பாதியில் நின்றது. இவர் உதடு நடுங்கியதை நான் பார்த்தது என் அம்மா செத்தபோது ஒரு தடவை, இன்றைக்கு ஒரு தடவை.

"அடிச்சன் சாமி. உனக்கொண்ணும் பெசகல. அடிச்சன்."

பிரேமா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று பார்த்தேன். செரிங்கண்ணா என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தீர்மானத்தை ஈஸ்வரமூர்த்தி மடித்துப் பையில் வைத்தார். இரட்டைக் கை முறை இனிமேல் கிடையாது, கரையேறுகிறவர் தானே கரையாளிடம் வந்து நின்று முகத்தைக் காட்டிவிட்டுப் போகவேண்டும் என்று புதிய தீர்மானம் போட்டார்கள்.

மார்ச் 3, திங்கள்

வீடு முழுக்க ஆள். சென்னியப்பண்ணன் மனுசனே இல்லை, தெய்வம் என்று வாழைத்தாரோடு வருகிறார்கள். கண்ணும் காதும் சரியில்லை என்று சொன்ன ஆளும் வந்தார். இவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நான்தான் எல்லோருக்கும் காப்பி போட்டேன். இன்றைக்குச் சர்க்கரை போட்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது என்று எழுதினால் தப்பா?

மகளுக்குப் போன் போட்டு, மாப்பிள்ளை வீட்டில் சொல்லு என்றேன்.

மார்ச் 5, புதன்

பால் பூத்தில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள், நான் இருப்பது தெரியாமல் பேசிக்கொண்டார்கள். கட்டின புருசன் மேலே ஏறினானா இல்லையா என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் ஒருத்தி கையைத் தூக்குவாளா என்றாள் ஒருத்தி. அவளுக்கு வேண்டியிருந்ததோ என்னவோ, யார் கண்டது என்றாள் இன்னொருத்தி.

இழுத்து வைத்துக் கேட்டேன். தண்ணீரில் ஒரு நாள் கால் வைத்திருக்கிறாயா, உனக்கு என்னடி தெரியும் என்று கேட்டேன். பால்காரர் சமாதானம் பண்ணினார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. முதலில் இவரை மென்ற அதே வாய், இப்போது அவளை மெல்கிறது. இவர் பயந்தது இதற்குத்தான். இது எனக்குத் தெரியாமல் போயிற்றா? முப்பது வருசம் ஊர்ப் பேச்சைக் கேட்டவளுக்கு? இன்றைக்கு இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

மார்ச் 6, வியாழன்

பிரேமாவைப் பார்த்தேன். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தாள். எப்படி இருக்கிறாய் என்றேன்.

"இப்பத் தூக்கம் வருதுங்க்கா. வெளிய போகத்தான் முடியறதில்ல."

காய்கறிக்காரரிடம் வாங்கப் போனால் பக்கத்தில் நிற்பவர்கள் தள்ளி நிற்கிறார்களாம். நல்லசிவத்தின் தங்கை போன் பண்ணி, எங்கண்ணனைக் கொன்னுட்டியே என்று சொல்லிவிட்டு வைத்தாளாம். இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள். நான்தான் முந்தானையைத் தேடினேன்.

மார்ச் 7, வெள்ளி

சாப்பிடும்போது இவர், "நீதான் அந்தப் புள்ளய வரச் சொன்னியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். அதற்கப்புறம் கேட்கவில்லை. பொய்யென்று தெரிந்தே விட்டுவிட்டார் என்று எனக்குத் தெரியும். கரைப் பொறுப்பை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சங்கத்தில் கெஞ்சுகிறார்கள். மாட்டேன் என்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்குக் கூட்டம் அதிகம். எல்லோருக்கும் பயம் தெளிந்துவிட்டது. ஜோடி ஜோடியாகப் படியில் நின்று இறங்கத் தயாரானபோது கம்பிக் கதவு திறந்தது. பிரேமா. நீச்சலுக்குப் போடும் அந்தப் பழைய நீலச் சுடிதாரோடு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

ஜோடி இல்லாமல் இறங்கக்கூடாது. அவள் யாரையும் கேட்கவில்லை, நின்றாள். ஒவ்வொருத்தராகத் தன் ஜோடியின் பக்கம் ஒண்டிக்கொண்டார்கள். ஒற்றையாக வந்த டீச்சர் ஒருத்தி, எனக்கு இன்னிக்குக் காய்ச்சலாட்ட இருக்குது என்று துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இவளோடு ஜோடி சேர்ந்தால் உயிர் போய்விடும் என்று ஒருத்தரும் வாயால் சொல்லவில்லை. வேண்டியிருக்கவும் இல்லை.

கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி ஈஸ்வரமூர்த்தி கையில் கொடுத்தேன். நானா என்றார். தலைவர் என்றால் கரையிலும் உட்காரலாம், ஒன்றும் குறைந்துவிடாது என்றேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

சின்ன வயதில் சுரைக்குடுவை கட்டி நீந்தப் பழகியவள் நான். ஆனாலும் தண்ணீர் நெஞ்சைத் தொட்டதும் மூச்சு பிடித்துக்கொண்டது. பிரேமா எனக்காக நின்றாள். பிறகு வடக்கு மூலைக்கு நீந்தினாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னால் போனேன். எல்லோரும் நீந்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூலையில் கல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். காலுக்கடியில் தண்ணீர் வேறு மாதிரி குளிர்ந்தது. என் காலில் ஏதோ பட்டதுபோல இருந்தது. பாசியாகத்தான் இருக்கும்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாக.

"நீங்கதான வரச் சொன்னீங்க. கேளுன்னு சொன்னீங்க. எனக்காகவாக்கா? இல்ல, அண்ணனுக்காகவா?"

விசில் வந்தது. கைகள் எழும்பின, எங்களுடையதைத் தவிர. ஈஸ்வரமூர்த்தி எண்ணிப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேர் பேரையும் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடி விசில் அடித்தார். மேலே யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. அவள் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இவரிடம் சொன்ன அந்த 'இல்லை' நாக்கு நுனியிலேயே இருந்தது. உனக்காகத்தான் கண்ணு என்று சொன்னால் நம்பிக்கொண்டு போயிருப்பாள். அப்புறம் அதையும் மாடியில் நின்று தூக்கித் தூக்கிப் பார்ப்பாள்.

"அண்ணனுக்காக" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். செரிங்க்கா என்றாள். கையைத் தூக்கினாள். என் மணிக்கட்டை விடாமல் தூக்கியதால் என் கையும் சேர்ந்து எழும்பியது. கரையில் மூன்றாவது விசில் பாதியில் நின்றது. படியேறி வீட்டு வாசல் வரும் வரைக்கும் அவள் என் கையை விடவில்லை.